பேச்சியம்மாவின் சக்களத்தி வழக்கு

பேச்சியம்மாவுக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. மோப்பக்காரி. முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது, எனக்கும்தான். அவள் புருஷன் சின்னராசா ஸ்டோரில் வேலை முடித்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டால், அதை எடுத்து முகர்ந்து பார்த்த பிறகுதான் அடுப்பில் கேத்தல் ஏறும். தேயிலை வாடை மட்டும் அடித்தால் அவனுக்குச் சீனி போட்ட தேத்தண்ணி கிடைக்கும். வேறு ஏதாவது வாடை இருப்பதாக அவளுக்குத் தோன்றிவிட்டால் அன்றைக்கு லயத்தில் ஒருவருக்கும் நிம்மதி இருக்காது.

லிந்துலையிலிருந்து நடந்து ஏறினால் மூச்சு வாங்கும் உயரத்தில் இருந்தது எங்கள் லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள். அவர்கள் காம்பராவும் எங்கள் காம்பராவும் ஒட்டியவை. நடுச்சுவர் கூரை வரை போகாது. அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும். கேட்கப் பிடிக்காவிட்டாலும் கேட்கும். அதனால் நான் இங்கே சொல்வது எதுவும் தெருப்பேச்சு இல்லை.

என் பெயர் மீனம்மா. பேச்சியோடு பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள். என் புருஷன் முத்துலிங்கம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். நல்ல மனுஷன்தான், ஆனால் எந்தப் பெண்ணும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. பேச்சி தன் புருஷனுக்காகத் தலைமயிரை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு சண்டை பிடிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவே இருக்கும். சண்டை பிடிக்கிற அளவுக்கு நமக்கு ஒரு புருஷன் வாய்க்கவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

சின்னராசா அப்படியொன்றும் மன்மதன் இல்லை. நல்ல பல்வரிசை, வகிடு எடுத்து வாரிய தலை, அவ்வளவுதான். ஆனால் எந்தப் பெண்ணிடம் பேசினாலும் "என்னாங்க", "சொல்லுங்க" என்று மரியாதை வைத்துப் பேசுவான். தோட்டத்தில் கங்காணியிலிருந்து மேலதிகாரி கண்டாக்கு வரை பெண்களை "ஏய்" என்று கூப்பிடுகிற இடத்தில், இவனுடைய மரியாதை தனியாகத் தெரிந்தது. அதுதான் பேச்சிக்குப் பொறுக்கவில்லை. அந்த "என்னாங்க" முழுவதும் தனக்கே சேர வேண்டியது என்று நினைத்தாள்.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. அங்கே கொழுந்து அரைக்கிற மெஷினில் சின்னராசாவுக்கு வேலை. அதே கட்டடத்தின் மறுகோடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய்ந்த தேயிலையில் காம்பு பொறுக்குவார்கள். அவர்களில் ஒருத்தி அம்மாக்கண்ணு. மரம் சாய்ந்து விழுந்து புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை குட்டி இல்லை. பேச்சியைவிட வயதில் இளையவள். அதிகம் பேசமாட்டாள்.

மழைக்காலத்தில் மலையில் நிற்கிற எங்களுக்குத் தலையில் கம்பளி, இடுப்பில் சாக்குப் படங்கு, அதையும் மீறி உடம்பெல்லாம் நனைந்திருக்கும். விரல் விறைத்து, எதைக் கிள்ளுகிறோம் என்றே தெரியாது. அந்த நேரத்தில் கீழே ஸ்டோரின் புகைபோக்கி புகைவதைப் பார்த்தால் பேச்சிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பாத்தியா மீனா, அங்க எப்படி கதகதன்னு இருக்கும். அவ கால நீட்டி ஒக்காந்திருப்பா. மேலுக்கு ஒரு பொட்டுத் தண்ணி படாது. எம்புருசன் அந்த வழியா போவாரு, வருவாரு. நான் இங்க நனைஞ்ச கோழியாட்டம் நிக்கிறேன்."

"அவரு மெஷினு பக்கம், அவ சல்லட பக்கம். நடுவுல அம்புட்டுத் தூரம் இருக்கு பேச்சிக்கா."

"தூரமாவது கீரமாவது. கண்ணு போகாதா?"

இப்படித்தான் இருந்தது அவள் புத்தி. சின்னராசாவுக்கும் அம்மாக்கண்ணுவுக்கும் அந்தக் காலத்தில் எள்ளளவும் தொடர்பு கிடையாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஒருநாள் இதற்கு மாறாகச் சத்தியம் பண்ணவும் போக வேண்டி வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு எங்கள் ஆட்கள் மனுப் போட்ட காலம் அது. மனுப் போடுகிறவர்கள் கல்யாணத்தைப் பதிந்து வைத்துக்கொண்டால் நல்லது என்று தொழிற்சங்கத்தில் சொன்னார்கள். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிப் பத்துப் பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள்கூடப் பதிவுகாரர் முன்னால் போய் மாப்பிள்ளையும் பெண்ணுமாக நின்றார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பேச்சிக்கு வெட்கமே இல்லை. முதல் ஆளாகச் சின்னராசாவைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டு வந்தாள்.

"இனிமே அவரு எங்க போவாரு? கவர்மெண்டே கட்டிப் போட்டிருச்சுல்ல" என்று பெரட்டுக்களத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பெரட்டுக்களம் என்பது காலையில் எல்லாரும் வரிசையில் நின்று வேலை பிரித்துக்கொள்கிற இடம். அம்மாக்கண்ணுவும் அந்த வரிசையில் நின்றிருந்தாள்.

சில வருஷம் கழித்து சின்னராசாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது, அவன் மனைவி என்ற முறையில் பேச்சிக்கும் கிடைத்தது. அம்மாக்கண்ணுவின் புருஷன் உயிரோடு இருந்தபோது போட்டிருந்த மனுவைத் தள்ளிவிட்டார்கள். அவளுக்கு இந்த நாடும் இல்லை, இந்தியாவும் இல்லை. எங்கள் தோட்டத்தில் அப்படிப் பாதிப் பேர் இருந்தோம், நானும் அதில் ஒருத்தி.

பேச்சிக்குப் பிள்ளை பிறக்கவில்லை. வருஷம் ஏற ஏற அவளுடைய சந்தேகமும் ஏறியது. ஒருநாள் மெஷினில் சின்னராசாவின் விரல் நசுங்கிவிட்டது. பக்கத்தில் ஓடிவந்த அம்மாக்கண்ணு, ரத்தம் நிற்கத் தன் சேலை முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். அந்தக் கட்டோடு அவன் வீட்டுக்கு வந்தான். துணியைப் பார்த்ததுமே பேச்சிக்கு அது யாருடைய சேலை என்று தெரிந்துவிட்டது. ஊதாவில் வெள்ளைப் பூப் போட்ட சேலை அந்தத் தோட்டத்தில் ஒருத்தியிடம்தான் இருந்தது.

அவள் விரலைப் பார்க்கவில்லை. துணியை மட்டும் பார்த்தாள். அந்த வாரமே பஞ்சாயத்தைக் கூட்டினாள்.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் பெண்டாட்டி பிரிவதென்றால் பெரியவர்கள் முன்னால் ஒரு துரும்பைக் கொடுப்பார்கள். ஒரு நுனியை அவன் பிடிக்க வேண்டும், மறு நுனியை அவள் பிடிக்க வேண்டும். இழுத்து முறித்தால் தீர்ந்தது. அதன்பின் அவன் வேறு கட்டலாம், அவளும் வேறு கட்டலாம். யாராவது ஒருவர் கையை விட்டுவிட்டால் துரும்பு முறியாது, இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்தியாவில் இதற்கு வைக்கோல் எடுப்பார்களாம். இங்கே வைக்கோலுக்கு எங்கே போவது? மலைச்சரிவில் முளைக்கிற மானாப்புல்லை ஒரு முழம் வெட்டிக் காயவைத்து எடுப்போம்.

கோயில் வாசலில் கூட்டம். தலைவர் மூக்கன் நடுவில் இருந்தார். தோட்டத்துச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், சாதி வழக்குக்கும் அவர்தான்.

"தலைவரே, அந்தத் தாயி கிழிச்சுக் கட்டலேன்னா வெரலே போயிருக்கும்" என்றான் சின்னராசா.

"போனாப் போவுது! வெரலு போனா பரவால்ல. அவ துணி எப்படி எம்புருசன் மேல படலாம்?" என்று கத்தினாள் பேச்சி. "தீத்து விடுங்க தலைவரே. எனக்கு இந்த மனுசன் வேணாம்."

மூக்கன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அவள் வேணாம் என்றாள். கடைசியில் புல்லை எடுத்து நீட்டினார். பேச்சி ஒரு நுனியைப் பிடித்தாள். சின்னராசா கட்டுப் போட்ட கையால் மறு நுனியைப் பிடித்தான். நான் அவளுக்குப் பின்னாலேயே நின்றேன். அவள் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது, அவன் விட்டுவிடுவான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அவனைக் கொஞ்சம் பயங்காட்டி, எல்லார் முன்னாலும் கெஞ்சவைத்து, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அவன் விடவில்லை. புல் படக்கென்று முறிந்தது. பேச்சி தன் கையில் இருந்த துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு முறைப்படி தாலியைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அம்மாக்கண்ணுவின் பெயர் பேச்சியின் வாயாலேயே நாறிக் கிடந்தது. வேறு எவனும் அவளைக் கட்ட வரமாட்டான் என்று ஆகிவிட்டது. "பேரு கெட்டது கெட்டுப் போச்சு, நீயே கட்டிக்க" என்று பெரியவர்களே சொல்லி, அடுத்த வருஷம் திருவிழாவின்போது சின்னராசாவை அம்மாக்கண்ணுவுக்குத் தாலி கட்ட வைத்தார்கள். இல்லாத உறவை ஏழு வருஷம் பேசிப் பேசிப் பேச்சி உண்டாக்கிவிட்டாள். தோட்டத்தில் காலியாக இருந்தது எங்களுக்கு மறுபக்கத்துக் காம்பரா ஒன்றுதான். அங்கேயே அவர்கள் குடி வந்தார்கள். ஒரு சுவருக்கு அப்பால் பேச்சி, மறு சுவருக்கு அப்பால் அவர்கள், நடுவில் நானும் முத்துலிங்கமும்.

முன்பு அவளுக்குப் பொறாமைப்பட ஒரு பாத்தியதை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அம்மாக்கண்ணு சின்னராசாவைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல் எங்கள் காம்பராவைத் தாண்டி அவள் காதில் விழும். அம்மாக்கண்ணு அவனைக் கூப்பிடுவது "ஏங்க" என்றுதான்; அதில் ஒரு நீட்டல் இருக்கும். அது கேட்டதும் பேச்சி பக்கம் பாத்திரம் உருளும். வாசலில் காய்கிற அவன் சட்டையைப் பார்ப்பாள், அது நன்றாக வெளுத்திருந்தால் அன்று முழுவதும் ஒருவரிடமும் பேசமாட்டாள். அம்மாக்கண்ணுவுக்குக் கறி நன்றாக வந்தால் அந்த வாசனைக்குக்கூட வைவாள். அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு ஒருவர் ஆள் அனுப்பினார். வந்தவர் மேல் சுடுதண்ணியை ஊற்றினாள். மலையில் அவளுக்குப் பக்கத்து நிரையில் நிற்கவே எங்களுக்கு அலுத்துப் போனது. பார்க்கப் பாவமாகவும் இருக்கும், இரண்டு அறை அறையலாம் என்றும் இருக்கும்.

இப்படியே ஆறேழு வருஷம் ஓடியபின் அம்மாக்கண்ணு உண்டானாள்.

அதைக் கேட்ட அன்று பேச்சி கொழுந்து மலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கங்காணி கத்தியும் எழுந்திருக்கவில்லை. "எனக்குக் குடுக்காத சாமி அவளுக்குக் குடுத்திருக்கு" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

பிறக்கிற பிள்ளைக்குத் தன் பிரஜாவுரிமை போய்ச் சேர வேண்டும் என்று சின்னராசாவுக்கு ஆசை. அதற்கு அம்மாக்கண்ணுவோடு நடந்த கல்யாணத்தைப் பதிய வேண்டும். பதிவுகாரரிடம் போனான். அங்கே நடந்ததை அவனே வந்து முத்துலிங்கத்திடம் சொன்னான்.

"முந்திக் கட்டினது என்ன ஆச்சு?" என்று பதிவுகாரர் கேட்டிருக்கிறார்.

"அது தீந்து போச்சுங்க."

"எந்தக் கோட்டில?"

"கோட்டுல இல்லீங்க, கோயில் வாசல்ல. மானாப்புல்லு முறிச்சாச்சு."

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறார். "தம்பி, பதிஞ்ச கல்யாணத்தைப் புல்லால தீர்க்க ஏலாது. நுவரெலியா கோட்டில ஜட்ஜ்தான் தீர்க்க வேணும். சட்டத்துக்கு இன்னும் பேச்சியம்மாதான் உன்ர பெண்சாதி. இந்தப் பிள்ளை அதுக்கு முந்திப் பிறந்தால் தகப்பன் பேர் இல்லாமத்தான் எழுதுவினம்."

எங்கள் ஆட்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. பதிவு என்பது பிரஜாவுரிமைக்கு, புல் என்பது குடும்பத்துக்கு என்று நினைத்திருந்தோம். மூக்கன் தலைவரே தலையில் கை வைத்துக்கொண்டார். எத்தனை பேருக்கு அவர் புல் கொடுத்திருக்கிறாரோ!

செய்தி பேச்சிக்கு எட்டியது. மறுநாள் காலை பெரட்டுக்கு வந்தாள் பாருங்கள், கழுத்தில் புது மஞ்சள் கயிறு! முகமெல்லாம் மஞ்சள். அம்மாக்கண்ணுவுக்கு நேர் எதிரே போய் நின்றாள். கயிறு தெரிகிற மாதிரி கழுத்தை மட்டும் நிமிர்த்திக்கொண்டு நின்றாள். அம்மாக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள்.

மூக்கனும் சின்னராசாவும் நுவரெலியாவில் ஒரு வக்கீலிடம், புரொக்டர் என்போம், போனார்கள். அவர் சொன்னது இன்னும் மோசம். சின்னராசா வழக்குப் போட முடியாது, ஏனென்றால் பெண்டாட்டியை விட்டுப் போய் வேறொருத்தியோடு இருக்கிற குற்றம் அவனுடையது. குற்றம் செய்தவனுக்குச் சட்டம் விடுதலை கொடுக்காது. பேச்சியம்மாதான் வழக்குப் போட வேண்டும். என் புருஷன் என்னை விட்டுவிட்டான், இன்னாரோடு இருக்கிறான் என்று கோர்ட்டில் ஏறி அவளே சொல்ல வேண்டும். தீர்ப்புச் சொன்னாலும் மூன்று மாதம் காத்திருந்துதான் அது உறுதியாகும். ஆகையால் சுருக்காகப் போட்டால்தான் பிள்ளைக்கு முந்தலாம் என்றார்.

ஆக, சின்னராசா பேச்சியின் வாசலுக்கு வந்தான். ஆறேழு வருஷத்துக்குப் பிறகு.

முதல் நாள் அவள் கதவைச் சாத்தினாள். இரண்டாம் நாள் பாதி திறந்தாள். அப்புறம் தேத்தண்ணி வைத்தாள். அவன் உள்ளே போகவில்லை, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் மனசு வையி புள்ள" என்று கெஞ்சுவான். அவள் அடுப்படியில் இருந்துகொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்பாள். நாலு நாள் யோசித்தாள், பத்து நாள் யோசித்தாள். அவன் வருகிற நேரத்துக்கு முன்னால் தலை வாரிப் பூ வைத்துக்கொள்வாள். இந்த மலைக்குளிரில் அவளுக்கு அந்தப் பூ எங்கே கிடைத்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இப்போது பாத்திரம் உருண்டது மறுபக்கத்துக் காம்பராவில். அம்மாக்கண்ணு அதிர்ந்து பேசாதவள், ஆனால் அவன் அந்தப் பக்கம் போனால் விறகை உடைக்க ஆரம்பித்துவிடுவாள். நடுவில் இருந்து இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

ஒரு அந்தியில் பேச்சி கேட்டாள், "அன்னைக்கு ஏன் விடாம புடிச்சீங்க?"

"எதை?"

"புல்லை."

அவன் சொன்னான், "நீ விட்டுருவேன்னு நெனச்சேன் புள்ள."

அந்தப் பக்கம் கேத்தல் கொதித்து மூடி தடதடவென்று ஆடியது, அதை இறக்கக்கூட அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேரும் அடுத்தவர் விடுவார் என்றுதான் இழுத்திருக்கிறார்கள்.

ஆனாலும் அவன் வந்த காரியத்தை விடவில்லை. ஒருநாள் சலித்துப்போய், "நீ சம்மதிக்கலேன்னா நான் இனிமே வந்து என்னா பிரயோசனம்" என்று எழுந்து போனான். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் பேச்சி தானே மூக்கனிடம் போய், "கையெழுத்து வைக்கிறேன்" என்றாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு மனம் இரங்கிவிட்டாள் என்று தோட்டமே அவளைப் புகழ்ந்தது. எனக்குத் தெரியும், அவன் மறுபடி வாசலுக்கு வர வேண்டும், அதற்காகத்தான்.

அவனும் வந்தான். கோர்ட்டில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று புரொக்டர் சொல்லிக் கொடுத்ததை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். நல்ல புத்திசாலி அவள், ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வாள். இதை மட்டும், "மறந்து போச்சு, இன்னொருக்கா சொல்லுங்க" என்று தினமும் கேட்டாள். சாட்சி சொல்ல என்னைப் போட்டிருந்தார்கள். சின்னராசா அம்மாக்கண்ணுவோடு இருப்பது எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும். நான் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே அதைப் பாடம் பண்ணினேன்.

வழக்குக்கு முதல்நாள் அந்தியில் சின்னராசா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மனம் நிறைந்துபோய்ச் சொன்னான்: "நாளைக்கோட முடிஞ்சிரும் புள்ள. அப்புறம் ஒனக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது."

பாவி, அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வழக்குக்காரியும் எதிராளியும் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, சேர்ந்து செய்த ஏற்பாடு என்று ஜட்ஜுக்குப் பட்டால் வழக்குப் போய்விடும் என்று புரொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் லிந்துலையிலிருந்து நுவரெலியாவுக்கு அந்த நேரத்துக்கு இருந்தது ஒரே பஸ். பேச்சியும் நானும் ஏறினோம், சின்னராசாவும் அதிலேயே ஏறினான். அம்மாக்கண்ணு வர வேண்டிய அவசியமே இல்லை. வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. இருந்தாலும் பேச்சி போகிற பஸ்ஸில் அவனைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனமில்லை, அவளும் வந்தாள். நாலு பேரும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். றதல்லை வளைவுகளில் பேச்சிக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. பின்சீட்டில் இருந்து அம்மாக்கண்ணு வாந்திக்கு முகர ஒரு தேசிக்காயை என் கையில் கொடுத்தாள். நான் பேச்சியிடம் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று தெரிந்தும் வாங்கி முகர்ந்தாள்.

கோர்ட்டில் நல்ல கூட்டம். எங்கள் வழக்கைக் கூப்பிட்டபோது பேச்சி கூண்டில் ஏறினாள். எங்கள் புரொக்டர் இங்கிலீஷில் கேட்க, மொழிபெயர்க்கிற முதலியார் அதைத் தமிழில் கேட்டார். பெயர் சொன்னாள். பதிந்த வருஷம் சொன்னாள். பிள்ளைகள் இல்லை என்றாள். எல்லாம் சரியாகத்தான் போனது.

"உம்முடைய புருஷன் இப்ப எங்க இருக்கிறார்?"

பேச்சி சின்னராசாவைப் பார்த்தாள். அவன் எதிர்ப்பக்கம் கை கட்டி நின்றான். நல்ல வெள்ளை வேட்டி, அம்மாக்கண்ணு வெளுத்துக் கொடுத்தது. பேச்சி அதையும் பார்த்தாள்.

"எங்கூடத்தான் இருக்காருங்க" என்றாள்.

முதலியார் அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டார். "உம்மை விட்டுப் போய்விட்டாரா இல்லையா?"

"எங்க போவாரு? நான் அவரு பொண்சாதிங்க. தெனமும் அந்திக்கு வருவாரு. நான் தேத்தண்ணி ஊத்திக் குடுப்பேன். குடிச்சிட்டுப் பேசிக்கிட்டு இருப்பாரு. நேத்துகூட வந்தாரு."

புரொக்டர் கையில் இருந்த கடுதாசியைக் கீழே வைத்தார். ஜட்ஜ் ஏதோ கேட்டார். முதலியார் திரும்பினார். "அம்மாக்கண்ணு என்று ஒரு பெண்ணோடு உம்முடைய புருஷன் சேர்ந்திருக்கிறார் என்று மனுவில் இருக்கே?"

"அப்படி ஒரு பொம்பள லயத்துல இருக்கா. அவளுக்கும் இவருக்கும் ஒண்ணுமில்லீங்க."

எத்தனை வருஷம் இதே வாயால் ஊரெல்லாம் கூவினாள்! பொய்யாக இருந்தபோது தொண்டை கிழியச் சொன்னாள். உண்மையாகி, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நின்ற நேரத்தில் இல்லை என்றுவிட்டாள். சின்னராசா வாயைத் திறந்தான். புரொக்டர் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டான். நான் நல்ல சேலை கட்டி, பாடம் பண்ணி வந்து உட்கார்ந்திருந்தேன், என்னை யாரும் கூப்பிடவே இல்லை. வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

அதன் பலனை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோர்ட்டில் இல்லை என்று சொன்னவளை வைத்து இன்னொரு தடவை போட முடியாது என்று புரொக்டர் கைவிரித்தார். பெண்பிள்ளை பிறந்தது, வளர்ந்தபின் அப்படியே அப்பனை உரித்து வைத்த பல்வரிசை. தகப்பன் பெயர் எழுதுகிற இடத்தில் ஒரு கோடு போட்டார்கள். தாயைப் போலவே அந்தப் பிள்ளைக்கும் நாடு இல்லாமல் போனது. இதற்காகப் பேச்சியை நான் மன்னிக்கவில்லை, பின்னாளில் நானே அவள் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டு, காய்ச்சலில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தும் மன்னிக்கவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் இடம் தாராளமாக இருந்தது. சின்னராசா ஆகக் கடைசி சீட்டுக்குப் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டான். பேச்சி ஜன்னல் ஓரம், நான் அவளுக்குப் பின்னால். அம்மாக்கண்ணு அவனிடம் போகவில்லை. கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்து பேச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்குப் போனதைப் பற்றிச் சண்டை பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நானும் சேர்ந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அவள் குரல் எழும்பவே இல்லை. "அக்கா, கோட்டுல சொன்னீங்களே, அந்திக்கு அந்திக்கு... அது நெசமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைக்குத் தகப்பன் பெயர் போனதை அவள் இன்னும் நினைக்கவே இல்லை. "அடியே, அவரு வாசப்படி தாண்டலடி. நான் பக்கத்துக் காம்பராவுல இருக்கேன்ல? எனக்குத் தெரியாதா?" என்று நான் பின்னால் இருந்து சொன்னேன்.

அம்மாக்கண்ணு என் பக்கம் திரும்பவில்லை. பேச்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு 'இல்லை' போதும், அந்தக் குடும்பத்துக்கு நம்பிக்கையாவது மிஞ்சியிருக்கும்.

பேச்சி அவளை ஆற அமரப் பார்த்தாள். பிறகு எழுந்து வழிவிட்டாள்.

"வயித்துப் புள்ளக்காரி. இந்தப் பக்கமா வந்து ஒக்காரு, காத்து வரும்" என்றாள்.

அந்த 'இல்லை'யை மட்டும் சொல்லவில்லை. அம்மாக்கண்ணு ஜன்னல் ஓரம் மாறி உட்கார்ந்தாள். லிந்துலையில் இறங்கும்போது சின்னராசா முன்னால் இறங்கி அவளுக்குக் கை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தொடாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினாள்.